நிலாவில் வாடகைக்கு வீடு கேட்ட பிளேட்டு

சார்,

போன புதன்கிழமை உங்கள் பார்சல் வந்தது. பத்தடி தள்ளி நின்று அதை மூங்கில் கழியால் குத்திப் பார்த்தேன். இது யுத்த காலம். கேட்காமல் ஒரு கனத்த பொட்டலம் சாக்குத் தைத்து வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? “குண்டு வைக்கிற அளவுக்கு நீங்க என்ன கலெக்டராங்க?” என்றாள் என் வீட்டுக்காரி. தெருவே சிரித்தது.

பிரித்தால் அரக்கு வாடை. உங்கள் கிராமபோன் பிளேட்டு ஆல்பம். நீங்கள் திருச்சி ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்துபோனதாகவும், இதை எனக்கு அனுப்பச் சொன்னதாகவும் பார்சல் ஆபீசில் உங்களோடு வேலை செய்தவர் நாலு வரி எழுதியிருந்தார். கழியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அரியலூர் ஸ்டேஷனுக்கு நான் வண்டியில் மூட்டை கொண்டுவருவேன், நீங்கள் ரசீது போடுவீர்கள். அவ்வளவுதான் நம் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த நேரம், கிராமபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றீர்கள். அக்குளில் இந்த ஆல்பம். எட்டுப் பிளேட்டும் வானத்துக்குப் போகிற பாட்டு. ஆகாயக் கப்பலில் ஏறிய பெண் நட்சத்திரத்திடம் வழி கேட்பது ஒன்று, யாருக்கும் புரியாத இந்துஸ்தானி ஒன்று, நிலாவில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன புருஷனும் பெண்டாட்டியும் போடும் சண்டை ஒன்று. ஊசி கிடைக்காத காலம் என்று கருவேல முள்ளைச் சாய்வாகச் சீவி வைத்து ஓட்டினீர்கள்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். வானத்துக்குப் போவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழி, அதற்கு முதலில் சாகவேண்டும். “இது எந்த வேதத்துப் பாட்டு சார்?” என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். எங்களை வேறு சபைக்கு இழுக்க வந்த ஆளோ என்று அன்றைக்கு நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறும் வந்தபோது சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. பெண் இருக்கும் வீட்டுக்கு ஒருவர் மூன்று வாரம் விடாமல் வந்தால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். நீங்களோ பெண்டாட்டியை இழந்தவர், நாற்பது வயது. நிலாச் சண்டைப் பிளேட்டில் அந்தப் பெண் கலகலவென்று சிரிக்கும்போது என் மகள் லூர்துமேரியும் கூடவே சிரிப்பாள். அப்போது உங்கள் முகம் மலர்வதை மாட்டுத் தரகன்போல உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மகளை ஏலாக்குறிச்சியில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் வந்தீர்கள். “புள்ள எங்க?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டுப் பிளேட்டையும் எனக்கு மட்டுமே போட்டுக் காட்டினீர்கள்.

“பாத்தியா, கேக்கவே இல்ல. பெரிய கள்ளன்டி” என்றேன் வீட்டுக்காரியிடம்.

“கேட்டிருந்தா?”

“அப்பவும் கள்ளன்தான்.”

திங்கட்கிழமை பார்சல் ஆபீசிலேயே கேட்டுவிட்டேன். “எதுக்கு சார் எங்க வூட்டுக்கு வர்றீங்க? பொண்ணு கேக்கவா?”

உங்கள் கைப் பேனா அப்படியே நின்றது. கதவைச் சாத்திவிட்டு வந்தீர்கள். “அந்த நிலாப் பிளேட்டுல வர்ற சிரிப்பு என் சம்சாரத்துதுங்க. கல்யாணத்துக்கு முன்னால நாடகக் கம்பெனியில இருந்தா. வெளிய சொன்னா அவளப் பத்தி ஊர்ல என்னென்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். அந்த ஒண்ண மட்டும் வச்சிருந்தா ஏன்னு கேப்பாங்க. அதான் வானத்துப் பாட்டாச் சேத்து நடுவுல வச்சேன். ரூம்ல தனியாப் போட்டா கேக்க முடியல. நாலு பேரு இருக்கற வூட்டுல கேட்டா, அவளும் அங்க இருக்கற மாதிரி இருக்கு.” பிறகு, “இனிமே வரலிங்க, பயப்படாதீங்க” என்றீர்கள்.

அப்போதும் எனக்குப் பாதிதான் நம்பிக்கை. கண் கலங்கியவன் பொய் சொல்ல மாட்டானா என்ன, என்று கணக்குப் போட்டது என் புத்தி. நீங்கள் சொன்னபடியே வரவில்லை. அடுத்த மாதமே மாற்றலாகித் திருச்சி போய்விட்டீர்கள்.

நேற்று ஒரு பெட்டியை இரவல் வாங்கிவந்து பிளேட்டைப் போட்டோம். அந்தச் சிரிப்பு வந்தது. இந்த முறை லூர்துமேரி சிரிக்கவில்லை.

“இது வர்ற வரைக்கும் காத்துக்கிட்டே இருப்பாருப்பா. வந்ததும் கண்ண மூடிக்குவாரு” என்றாள்.

“உன்னப் பாப்பாரே?”

“கண்ண மூடிக்கிட்டு எப்படிப்பா பாப்பாரு?”

அத்தனை ஞாயிறும் உங்கள் முகத்தையே காவல் காத்தவன் நான். மூடிய கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை கதவைத் திறந்துவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றீர்கள். நான், “மூட்டைக்கு லேபிள் ஒட்டியாச்சா சார்?” என்றேன். நாக்கு நுனிவரை வந்து நின்றது வேறு.

ஞாயித்துக்கெழம வாங்க சார், நாங்க எல்லாரும் வூட்லதான் இருப்போம்.