ஆனந்தின் கிளிங்கான் நோட்டு

6 செப்டம்பர் 1999
மகன் ஆனந்தராஜா மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்ப் பிணமாகத் திரும்பி முப்பத்தெட்டு நாள். அவன் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினேன். கொழுந்தன் விஸ்வலிங்கம் வந்து, "சும்மா தூசி பிடிக்குது லா, அண்ணி. உள்ள இருக்கறத அழிச்சிட்டு எங்க ஆபீசுக்கு வச்சிக்கிறேன்" என்றார். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தொலையட்டும்.

8 செப்டம்பர்
புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் அவனோடு வேலை செய்த நோர்மா வந்தாள். துக்கம் கேட்க வந்தாள் என்று பார்த்தால், அவனுடைய நோட்டு வேண்டுமாம்.

இங்கிலீஷ் டிவி நாடகத்தில் நெற்றி மடிப்பு மடிப்பாக வேற்றுக்கிரகத்து ஆட்கள் வருவார்களாம். அவர்களுக்கென்று உண்டாக்கிய பாஷை கிளிங்கான். 'திற', 'மூடு', 'அழி' என்று கம்ப்யூட்டர் திரையில் இருப்பதையெல்லாம் இவளும் அவனும், இதுகள் ரெண்டும், அந்தப் பாஷைக்கு மாற்றுகிறதுகளாம். சம்பளம் கிடையாது.

"யாரு படிப்பா?"

"உலகம் பூரா கொஞ்சம் பேர் இருக்காங்க, ஆண்ட்டி."

கொஞ்சம் பேர்! சோறு ஆறிப்போக என் பிள்ளை உட்கார்ந்து பார்த்த வேலை இதுதானா? தூ.

முப்பத்தொரு வரி பாக்கியாம். மாசக் கடைசிக்குள் போகாவிட்டால் பொறுப்பில் இருக்கும் ஜெர்மன்காரன் மொத்தத்தையும் வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவானாம். "ஆனந்த் பேரு வராது, ஆண்ட்டி."

வராட்டி போகட்டும் என்றேன். நோட்டையும் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை?

9 செப்டம்பர்
நோட்டைத் திறந்தேன். இடது பக்கம் இங்கிலீஷ். நடுவில் ஏதோ கிறுக்கல். வலது பக்கம் தமிழ்.

'காத்திருக்கவும் — அம்மா: வருது, பறக்காத.'
'பிழை ஏற்பட்டது — அம்மா: கெடுத்துட்டியா.'

சாப்பிடும்போது, "இத எப்படிம்மா சொல்லுவ?" என்று கேட்பான். எரிச்சலில் எதையாவது சொல்லுவேன். எழுதி வைத்திருக்கிறான் — என்னை வைத்துச் சிரிக்கவா?

11 செப்டம்பர்
நோர்மா மறுபடி வந்தாள். என் பேச்சை எதற்கு எழுதினான் என்று நேராகவே கேட்டேன்.

"அந்தப் பாஷைல தயவுசெய்துங்கற சொல்லே இல்ல, ஆண்ட்டி. கெஞ்சல் கிடையாது. இங்கிலீஷ்ல கம்ப்யூட்டர் ரொம்ப மரியாதயா பேசும், எப்படி மாத்தறதுன்னு தெரியாம முழிச்சோம். எங்கம்மாட்ட கேட்டுட்டு வரேன்னான்."

அப்போதுதான் கொழுந்தன் கம்ப்யூட்டரை ஏற்றிப்போக வந்து, கெரேத்தாவை வாசலில் நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "பைத்தியக்காரத்தனம் லா, அண்ணி."

"பைத்தியக்காரத்தனந்தான். அத நான் சொல்லலாம். நீங்க சொல்ல வேணாம்."

மாசம் முடியட்டும் என்று அனுப்பிவிட்டேன். அழிப்பாராம். எவனோ பேர் போட்டுக்கொள்வானாம். என் மகன் செய்த குப்பை என் மகன் பேரில்தான் போகவேண்டும்.

18 செப்டம்பர்
பதினேழு வரி முடிந்தது. அவள் விளக்குகிறாள், நான் சொல்கிறேன், அவள் அதற்குக் கிளிங்கான் சொல் தேடித் தேடித் தட்டுகிறாள். துணியை எடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது. இந்தப் பெண்ணுக்கு ஒழுங்காகத் தேத்தண்ணீர் கலக்கத் தெரியவில்லை. கிளிங்கான் தெரிகிறது.

25 செப்டம்பர்
கடைசி வரி. 'இதை நிச்சயமாக அழிக்க விரும்புகிறீர்களா?'

"அழிச்சா திரும்ப எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"முடியாது, ஆண்ட்டி."

எழுந்து குசினிக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து சொன்னேன்: "போனா வராது. தெரிஞ்சு செய்."

அவள் தட்டவே இல்லை. அழுதுகொண்டிருந்தாள். தட்டுடி என்றேன்.

30 செப்டம்பர்
போய்விட்டது. நோர்மா என் மகன் பேரைத் திரையில் காட்டினாள். இங்கிலீஷ் எழுத்து. விரல் வைத்துத்தான் படித்தேன்.

10 அக்டோபர்
பின்லாந்தில் ஒருவன் கம்ப்யூட்டர் தன்னைத் திட்டுகிறது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறானாம். கூறு கெட்டவன். மாற்றுவதற்கு இன்னும் இருநூறு வரி வந்திருக்கிறதாம். கொழுந்தனுக்குப் போன் போட்டு வேறு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். நோர்மாவைச் சனிக்கிழமை சீக்கிரமே வரச் சொல்லியிருக்கிறேன்.