மேனேஜர் திரும்பி வந்த மதியம்

நான் இப்போது இருக்கும் நஜ்மாவில், மளிகைக் கடை வாசலில் வெங்காயச் சாக்குகளை வெயிலில் இறக்கி வைத்திருந்தார்கள். சூடேறிய சணலும் வெங்காயமும் கலந்த வாசனை வந்ததும் என்னால் மேலே நடக்க முடியவில்லை. உங்களுக்கு எழுத வேண்டும் என்று நான்கு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபுஜைராவுக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தில் நம் வீடு. கல்யாணமாகி நான் வந்து இறங்கிய வீடு. ஜீப் பாதை நம் வாசலோடு முடிந்துவிடும். அதற்கு மேல், செம்பு கிடைக்குமா என்று மலையைத் துளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கேம்ப்புக்கு மாவும் பருப்பும் கழுதை முதுகில்தான் போகும். ஸ்டோர்கீப்பரான நீங்கள் ஏற்றி அனுப்புவீர்கள். திரும்பும்போது அதே சாக்குகளில் சோதனைக்கான கற்கள் வரும்.

அன்று கழுதைக்காரருக்குக் காய்ச்சல்.

"தனியாவா போறீங்க?"

"தனியா எங்க? மேனேஜர் கூட வர்றாரே." மூக்கு நரைத்த அந்தக் கழுதைக்கு நீங்கள் வைத்த பெயர். "அவர் முன்னால போவார், நான் கையைக் கட்டிக்கிட்டுப் பின்னால போவேன். ஆபீஸ்லயும் அதானே?"

"நாளைக்குப் போகக் கூடாதா?"

"மேல மாவு மாஃபி, ஒரு பிடிகூட இல்ல. நாளைக்கு அவங்க கல்லைத்தான் திங்கணும். நீ புஸ்தகத்துல விழுந்து சோத்தைக் குழைய விட்டுடாதே."

மேனேஜர் மதியமே வந்துவிட்டார். தனியாக. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. தர்பூசணித் தோலுக்காக எப்போதும் உங்களை முந்திக்கொண்டு வருவார். சாக்குகள் நிறைந்திருந்தன. கற்கள் என்று நினைத்தேன். வந்ததும் முதலில் சுமையை இறக்கு என்பீர்கள். கற்களை என்னால் தூக்க முடியாது, நீங்கள் வந்து இறக்கட்டும் என்று நிழலில் கட்டினேன். தோலைப் போட்டேன். உங்களுக்குத் தட்டு எடுத்து வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு பக்கம் படித்தேன்.

நிழல் நகர்ந்து வெயில் சாக்கின் மேல் விழுந்தபோது அந்த வாசனை வந்தது. கையை விட்டேன். வெங்காயம். மறுபக்கம் மாவு. நீங்கள் கேம்ப்புக்குப் போய்ச் சேரவேயில்லை.

ஓடிப்போய்க் கழுதைக்காரரை எழுப்பினேன். காய்ச்சலோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறினார். பாறைச் சரிவுக்குக் கீழே உங்களைக் கண்டெடுத்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம். எனக்கு ஆறுதலாக இருக்குமென்றுதான் அதைச் சொன்னார்கள். அதுவரை மேனேஜர் சுமையோடே நின்றுகொண்டிருந்தார்.

"கழுதை எப்போ வந்துச்சு?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

"இப்பத்தான்" என்றேன். உங்கள் அம்மாவுக்கும் அப்படியே எழுதினேன்.

இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கட்டி வைத்த எதையும் பிரித்துப் பார்க்காமல் விட மாட்டேன் என்று சிரிப்பார்கள்.

"டீச்சர், வெறும் வெங்காயம்தான். உள்ளே என்ன தேடுறீங்க?" என்றார் இன்று கடைக்காரர். பார்த்தால் என் கை முழங்கைவரை சாக்குக்குள் இருந்தது.

கழுதை மதியம் வந்தது, ஏங்க. மதியமே வந்துவிட்டது.