பூஜைக்கு வைத்த பெட்டி

இன்று காலை புண்ணுக்குப் போடும் அந்தப் பழுப்பு மருந்தின் புதுப் புட்டியைத் திறந்தேன். மூடியைத் திருகியதும் வாசம் குப்பென்று எழுந்தது. எங்கள் தையல் கூடம் முழுக்க நீ நிறைந்துவிட்டாய். வெளியே ஆரியசாலைத் தெருவில் மழை தூறுகிறது. கீழே மொத்தக்கடைகளில் மூட்டை இறக்குகிறார்கள். பெருங்காயமும் நனைந்த சாக்கும் கலந்த மணம் மாடிப்படி ஏறி வருகிறது. பதினாறு மெஷின்களும் ஓடுகின்றன. கண்ணை மூடினால் பதினேழாவதாக உன் மெஷினும் ஓடுகிற மாதிரி இருக்கிறது. கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

நீ பாறசாலையிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவாய். நான் வலியசாலையிலிருந்து நடந்து. பள்ளிச் சீருடை தைக்கும் இந்த இடத்தில் இருவரும் ஒரே வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தோம். உன்னைவிட எட்டே மாதம் மூத்த என்னை நீ "மாமி" என்றே கூப்பிட்டாய். "அக்ரஹாரத்துல பிறந்தா தொட்டில்லயே மாமிதான், கேட்டியா?" என்று சிரிப்பாய். எனக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்தபோது முதலுதவிப் பெட்டியும் என் பொறுப்பில் வந்தது. மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, தீர்ந்ததை வாங்கி வைத்து, மூடியில் ஒட்டிய தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நான் கையெழுத்தை மட்டும் ஒழுங்காகப் போட்டேன். அப்போது எனக்கு எல்லாவற்றிலும் அவசரம், அதோடு நல்ல பெயர் வாங்கும் ஆசை வேறு.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்குக் கத்தரிகள், இஞ்ச் டேப்பு, ஊசிப்பெட்டி எல்லாவற்றையும் விளக்கின் முன் அடுக்கினோம். முதலுதவிப் பெட்டிக்குள்ளும் ஒரு கத்தரி உண்டே என்று அதையும் தூக்கிக்கொண்டு போய் வைத்து, மேலே சிவப்புத் தெச்சிப் பூ சாத்தினேன். இந்த ஊர் வழக்கப்படி பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலையில் பூஜையெடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது.

அவலும் பழமும் பங்கு வைத்துக்கொண்டிருந்தோம். நீ பழைய கண்ணாடி அலமாரியைச் சுவரோரம் தள்ளினாய். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த கண்ணாடி உடைந்து உன் வலது உள்ளங்கையைக் கிழித்தது. "ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் எடு!" என்று முதலாளி கத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கால் நகரவில்லை. சாமிக்குப் பயந்து நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். பெட்டி காலி என்று எனக்குத் தெரியும். உள்ளே அந்தக் கத்தரியும் காய்ந்துபோன ஒரு மருந்துப் புட்டியும்தான் இருந்தன.

அப்போது நீதான் பேசினாய். "எடுக்காண்டாம் சாரே, பூஜைக்கு வெச்சதாக்கும். எனக்கு சாரமில்ல, ஒண்ணும் ஆகாது." சர்ச்சுக்குப் போகும் வேதக்காரி நீ, எங்கள் பூஜைக்காகப் பரிந்து பேசுகிறாய் என்று எல்லோரும் நெகிழ்ந்து போனார்கள். துப்பட்டாவைச் சுருட்டிக் கையில் அழுத்திக்கொண்டு நீயே படி இறங்கினாய்.

ஆட்டோவில் உன் கையை உயர்த்திப் பிடித்தபடி நான் வந்தேன். பழவங்காடி பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைபடும் சத்தம், தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் எங்கேயோ கேட்டது. வழி நெடுக மாலைகளும் விளக்குகளும் மிதந்து போயின. ஆஸ்பத்திரியில் ஆறு தையல். "நாள் முழுக்க நான் தைக்கேன், இன்னைக்கு என்னையே தைச்சுட்டாவ" என்றாய். என்னால் சிரிக்க முடியவில்லை.

விஜயதசமி அன்று புதுப் பஞ்சும் கட்டுத்துணியும் பைக்குள் ஒளித்துக்கொண்டு சீக்கிரமே வந்தேன். முதலாளி பூஜையெடுத்துவிட்டுக் கீழே போயிருந்தார். நீ எனக்கு முன்பே வந்து, கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாய். பெட்டி உன் மடியில் இருந்தது. திறந்து காட்டினாய். பஞ்சு, கட்டுத்துணி, பிளாஸ்திரி, மருந்து எல்லாம் புதுசு.

"போன வாரம் விரல்ல ஊசி கேறினப்ப திறந்து பாத்தேன் மாமி. அடுத்த மாசம் முதல் நீ பாத்துக்கோ."

அவ்வளவுதான். அதன் பிறகு அதைப் பற்றி நீ பேசவே இல்லை. பதினொரு வருஷம் நானும் பேசவில்லை. மாதாமாதம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதில் குறை வைக்கவில்லை. மழைக்காலத்தில் தையல் போட்ட கையின் கட்டைவிரல் மடங்க மறுக்கும்போது, பொத்தானுக்குக் காஜா எடுக்கும் வேலையை என் பக்கம் தள்ளுவாய், நான் வாங்கித் தைப்பேன். அதுவே மன்னிப்புக் கேட்டது மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். கோழை நான்.

நீ நோயில் படுத்த பிறகு கடைசியாக உன் வீட்டுக்கு வந்தபோது, உன் உள்ளங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். "என்ன மாமி, ரேகை பாக்கியா?" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த ஆடியிலேயே நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்து மட்டும் பழையபடி போட்டுக்கொண்டிருந்தேன். நேற்று, புதிதாகச் சேர்ந்த பெண் கத்தரியில் விரலை வெட்டிக்கொண்டாள். சின்னக் காயம்தான். பெட்டியில் ஒரு பிளாஸ்திரிகூட இல்லை. "எந்தா, ஒண்ணும் இல்லையா?" என்றார் முதலாளி. எல்லா மெஷின்களும் நின்றன.

"காலி சார். பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னோடதுதான்."

சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. யாரும் என்னைக் கடித்துத் தின்றுவிடவும் இல்லை. இவ்வளவு சின்ன வார்த்தையா அது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். இனிமேல் காலி என்றால் காலி என்று அங்கேயே சொல்லிவிடுவேனடி. இதை என் வாயால் முதலில் கேட்டிருக்க வேண்டியவள் நீ. உன்னைத் தவிர எல்லோரிடமும் சொல்லியாயிற்று.