உப்புத் தண்ணீர் குடிக்கும் விலாங்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? என் மேல் கோபம் குறைந்ததா?

உங்கள் பேச்சை மீறிப் புறப்பட்டபோது, “உப்பத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்” என்றீர்களே, அதை இந்த மீன் பண்ணையில் கண்ணால் பார்த்துவிட்டேன். போன வாரம் விலாங்கு மீன்களை நன்னீர்த் தொட்டியிலிருந்து கடல்நீர்த் தொட்டிக்கு மாற்றினோம். ஒன்று மட்டும், உடம்பிலிருந்த நீரை உப்புநீர் உறிஞ்சிவிட, வாடிச் சுருங்கியது.

“செத்துரும், பழைய தொட்டியிலயே போட்டுடும்மா” என்றார் மேலாளர்.

“பொறுங்க சார், குடிக்கக் கத்துக்கும்” என்று மறித்து நின்றேன்.

அது கடல்நீரையே குடித்து, உப்பை மட்டும் செவுள் வழியாக வெளியே தள்ளிப் பிழைத்துக்கொண்டது. இப்போது தொட்டியில் அதுதான் ரவுடி.

ஆகவே என்னைத் திரும்பி வரச் சொல்லாதீர்கள். என் பழைய போர்வையை மட்டும் அனுப்புங்கள். அம்மா அதைத் துவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நானும் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் அப்பா. உப்பைத் துப்பவும் கற்றுக்கொண்டேன்.

உங்கள்
அடங்காப்பிடாரி