அறை எண்ணைச் சொல்லாத மச்சானுக்கு

எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, இந்த ஊருக்கு வந்தவர்களையெல்லாம் விருந்தாளியாக்கிய என் பிரியமான மச்சானுக்கு,

போன வாரம் உங்கள் டென்மார்க்காரர் ஓட்டலுக்கு வந்திருந்தார். ரிசப்ஷனில் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாராம். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாராம். வருஷா வருஷம் உங்களுக்கென்று கொண்டுவருவாரே, உப்புக் கரிக்கும் அந்தக் கறுப்பு மிட்டாய், அதை இந்த முறையும் மறக்கவில்லை. ஓட்டலிலிருந்து அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். மச்சான், இந்தக் கண்றாவியையா இத்தனை வருஷம் அவர் கண்ணெதிரே சிரித்துக்கொண்டே சாப்பிட்டீர்கள்?

வருகிற மாதத்தோடு நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஓட்டலில் உங்களுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். “மச்சினன்தானுங்களே, ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க” என்று கேட்டார்கள். உங்களைப் புகழ்ந்து எழுத விஷயத்துக்கா பஞ்சம்? எழுதுகிறவனுக்குத்தான் யோக்கியதை போதவில்லை. அது ஏன் என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவை உங்களுக்குக் கொடுக்கும்போது எங்கள் பெருமாநல்லூர் வீட்டில் நடந்த கூத்து உங்களுக்கு முழுதாகத் தெரியாது. கையில் நாலு காசு சேர்ந்தவன் எல்லாம் தையல் மிஷின் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. நீங்களோ கேட்டரிங் படித்துவிட்டுச் சென்னை ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “சோறு போடறதுக்கு எதுக்குங்க காலேஜு?” என்று எங்கள் அப்பா தரகரைப் பிடித்துக் கேட்டார். பிறகு நீங்கள் திருப்பூருக்கே மேனேஜராக வந்து, கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் வெள்ளைக்காரரை வரவேற்றதை அதே அப்பா ஒருநாள் பார்த்துவிட்டார். “அவுங்க நம்ம மாப்பிள்ளையப் பாத்துக் கும்புடறாங்க கண்ணு” என்று மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் வருவதற்கு முன், ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டு பையர்கள் இங்கே தங்க மாட்டார்கள். கோயமுத்தூரில் அறை எடுத்து, பகலில் காரில் வந்து, பொழுது சாய்வதற்குள் ஓடிவிடுவார்கள். அவர்களை நீங்கள் எப்படி இங்கே உட்காரவைத்தீர்கள் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். போர்வெல் தண்ணீரில் துவைத்தால் வெள்ளைச் சட்டை பழுப்பேறுகிறது என்று சலவைக்கு மட்டும் தனியாக நல்ல தண்ணீர் லாரி வரவழைத்தீர்கள். பனியன் ஊருக்கு வந்தவன் அழுக்குச் சட்டையோடு திரும்பலாமா என்று முதலாளியிடமே மல்லுக்கு நின்றீர்கள். பல்லிக்குப் பயப்படும் ஓர் இத்தாலிக்காரம்மாவுக்காக, அவர் வருகிற நாளில் எல்லாம் நீங்களே டார்ச் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பார்ப்பீர்களாம். ஜெனரல் மேனேஜர் செய்கிற வேலையா அது?

அந்த வரவேற்புப் பலகை சமாச்சாரம் இன்னும் பெரிது. எல்லா ஓட்டலிலும் வாசலில் பலகை வைத்து, இன்ன கம்பெனியின் விருந்தினர் இன்னார் வருக என்று பூப்போட்டு எழுதுவார்கள். நீங்கள் வந்த முதல் மாதமே அதைத் தூக்கிக் கிடங்கில் போட்டீர்கள். யாருடைய பையர் யார் என்று தெரிந்தால் இந்த ஊரில் அடுத்த கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? காலைச் சாப்பாட்டில்கூட ஒருவர் பையர் கண்ணில் இன்னொருவர் படாதபடி மேசை போடுவீர்கள். ஊரில் பாதிப் பேருடைய பிழைப்பு உங்கள் வாய்க்குள் இருந்தது. அந்த வாய் ஒருநாளும் திறந்ததில்லை.

எனக்காகவும் திறக்கவில்லை. அதில்தான் எனக்குக் கோபம்.

ஆர்டர் வறண்டுபோன அந்த வருஷத்தை மறந்திருக்க மாட்டீர்கள். என் பனியன் யூனிட்டில் பாதி மிஷினுக்கு மேல் துணி போட்டு மூடியிருந்தது. தெற்கேயிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தன. பெரிய ஜெர்மன் பையர் ஒருவர் உங்கள் ஓட்டலில் இறங்கியிருக்கிறார் என்று காதில் விழுந்ததும் நேராக உங்கள் அறைக்கு வந்தேன்.

“மச்சான், ரூம் நம்பர் மட்டும் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறனுங்க.”

“மொதல்ல காபி சாப்பிடுங்க மாப்ள.”

“காபி கெடக்குதுங்க. உங்க மச்சினன் ஊட்டுல அடுப்பு எரியோணுமா, வேண்டாமா?”

“எரியோணுமுங்க. என்ற காரை வேணா வித்துத் தர்றன், ஊட்டை வேணா எழுதிக்கங்க. அதெல்லாம் என்றது. அந்த ரூம் நம்பரு என்றதில்லீங்களே.”

காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன். முன்வாசல் வழியாகப் போகப் பிடிக்காமல் பின்பக்கமாகப் போனேன். அங்கே அறைகளிலிருந்து கூட்டிவந்த குப்பை மூட்டைகள் வண்டிக்காகக் காத்திருந்தன. ஒரு மூட்டையின் வாயில் துணி தெரிந்தது. பையர்கள் பார்த்து முடித்து அறையிலேயே விட்டுப்போகிற சாம்பிள்கள்தான். எடுத்துப் பார்த்தேன். காலர் வைத்த பனியன், ஜெர்மன் கம்பெனியின் பெயரும் தைத்தவர் பெயரும் எழுதிய அட்டையோடு. காதர்பேட்டையில் சின்னதாகத் தொடங்கி ஏற்றுமதிக்கு வளர்ந்த இப்ராஹிம் பாய் செய்துகொடுத்த டிசைன் அது. வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். மேனேஜரின் மச்சினன் ஆயிற்றே, சல்யூட் அடித்தார்.

அதே டிசைனைத் தைத்து, விலையைக் குறைத்துப் போட்டு, ஏஜென்ட் மூலமாக அந்த ஜெர்மன் கம்பெனிக்கே அனுப்பினேன். ஆர்டர் எனக்கு வந்தது. மூடியிருந்த மிஷின் எல்லாம் ஓடியது. பாய்க்குக் கிடைக்க வேண்டிய ஆர்டர் அது, மச்சான். நான் திருடினேன். அப்போது அதற்குச் சாமர்த்தியம் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

ஆயுதபூஜைக்கு நீங்கள் என் யூனிட்டுக்கு வந்தீர்கள். பெட்டியில் அடுக்கத் தயாராக இருந்த பனியனில் ஒன்றை எடுத்தீர்கள். காலரை ஒருமுறை தடவிப் பார்த்தீர்கள். மறுபடி மடிப்புக் கலையாமல் மடித்து வைத்தீர்கள்.

“தையல் நல்லாருக்குதுங்க மாப்ள” என்றீர்கள். பொரியும் கடலையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

உங்கள் காரியத்தன்றுதான் பதில் கிடைத்தது. உங்கள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் மரியபுஷ்பம், தூத்துக்குடிப் பக்கத்து அம்மா, அழுது முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி, ரூம்ல கெடக்க சாம்பிள எல்லாம் கத்தரியால துண்டு துண்டா வெட்டித்தான் குப்பைல போடணும்னு சார் ஒரு சட்டம் வச்சிருந்தாவ. அதுக்கு முன்னால ஒரு தடவ ஏதோ டிசைன் வெளிய போயிட்டு. மேனேஜர்தான் வித்துட்டார்னு ஊரெல்லாம் பேச்சு. அந்த டிசைனுக்குச் சொந்தக்கார பாய் எங்க முதலாளிட்டயே வந்து கேட்டாவ. சார் எங்க எல்லார் முன்னாலயும், ‘குப்பைக்கும் நாந்தான் பொறுப்பு, தப்பு என்னோடது’ன்னு சொன்னாவ. யாரு எடுத்ததுன்னு கேட்டதுக்கு வாயவே தொறக்கல. மறுநாளே ஆளுக்கொரு கத்தரி வாங்கிக் குடுத்தாவ.”

தன்னுடைய மூன்று ஓட்டலுக்கும் உங்களைத் தலைவராக்குவதாக இருந்த முதலாளி, அதன்பிறகு மூன்று வருஷம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்பதையும் அந்த அம்மாதான் சொன்னார். அந்த மூன்று வருஷமும் பொங்கலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். “ஏனுங்க மச்சான், புரமோஷன் என்னாச்சு?” என்று கேட்டு நான் உங்களைக் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். கடைசியில் அந்தப் பதவியும் உங்களைத் தேடி வந்தது, உழைப்பால். ஆனால் பாய் சாகும்வரை உங்களை நம்பவில்லையே? நீங்கள் சாகும்வரை என்று சொல்ல வேண்டும். அவர் நன்றாக இருக்கிறார். மலர் வெளியிடும் அன்றைக்கு முன்வரிசையில் அவருக்கும் நாற்காலி ஒதுக்கியிருக்கிறார்கள்.

எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன், மச்சான். தன் பெயர் நாறும்போதும் இன்னொருவன் பெயரைச் சொல்லாத மனிதரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்ற அப்படி இருந்தீர்களா, இல்லை அதுதான் உங்கள் தொழிலா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நினைத்தால் பயமாகக்கூட இருக்கிறது.

இதுவரை எழுதியதை நேற்று அக்காவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள்.

“என்றகிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லலையே அந்த மனுசன்” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள்.

“பிரின்ட்டுக்குக் குடுத்துரு. ஆனா பாய் இதைப் புஸ்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. நீ நேர்ல போயிச் சொல்லோணும்.”

நாளைக் காலை காதர்பேட்டைக்குப் போகிறேன், மச்சான். பாய் உட்காரச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நின்றுகொண்டே சொல்லிவிடுவேன். கதவைச் சாத்தினால் மறுநாளும் போவேன். கேட்டு முடித்து அவர் என்னை என்ன செய்தாலும் சரி. ஆனால் விழாவுக்கு வந்து உங்கள் படத்துக்கு முன்னால் நிற்கும்போது, அவர் ஒரு நேர்மையான மனிதரைத்தான் பார்க்க வேண்டும். இது சத்தியம்.

நீங்கள் கடைசிவரை சொல்லாத பெயருக்குரிய,
உங்கள் மச்சினன்
சண்முகம்