மாப்பிள்ளைக்கு என்ன விலை?

மார்ச் 4

வணக்கம்.

இந்த இடத்தில் வழக்கமாக வரும் 'அன்புள்ள' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவளுக்கு எதை எடுக்க வேண்டும் என்று தெரியும்.

நாம் பிரிந்தபோது, நாம் சேர்த்த பழைய நாணயப் பெட்டிகளை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. இன்னும் ஏன் இழுத்தடிக்கிறாய் என்று போனில் கேட்டீர்கள். போனில் பதில் சொன்னால் என் குரல் உயரும், உங்கள் குரல் இறங்கும், கடைசியில் நான்தான் பொல்லாதவளாவேன். அதனால் எழுதுகிறேன்.

கடைவீதியில் நான் முதலில் போன கடையில், கடைக்காரர் வெள்ளிக்காசைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படாமல் இத்தனை வருஷம் நாம் எடுத்து வைத்த காசு! அடுத்து எல்லாவற்றையும் தராசுத் தட்டில் கொட்டி, "வெள்ளிய எடைக்குப் போட்டுக்கலாம்மா, செம்பு வேணும்னா சும்மா வெச்சுட்டுப் போங்க" என்றார். நான் என்ன ஓட்டைப் பாத்திரமா கொண்டுபோனேன்?

இரண்டாமவர் தேனொழுகப் பேசினார். பேசிக்கொண்டே அருமையான காசுகளை மட்டும் பொறுக்கித் தன் பக்கம் நகர்த்திவிட்டு, மொத்தப் பெட்டிக்கும் ஒரு விலை சொன்னார். அவர் நகர்த்தியதில் ஒரே ஒரு காசுக்கு அந்த விலை காணாது. வாரி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விலை மதிப்பவரும் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் இப்படித்தான். கட்டணம் கொடுத்து ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்டப்போகிறேன். அவர் வாங்கக் கூடாது, சொல்ல மட்டும் வேண்டும். பிறகு நல்ல காசுகள் ஏலத்துக்கு, சாதாரணமானவை சேகரிப்பாளர் சங்கத்துக்கு. மூன்று மாதம் ஆகும். பொறுங்கள்.

மாதாமாதம் அனுப்பும் பணத்தையும் நிறுத்துங்கள். திருப்பி அனுப்பும் செலவு எனக்குத்தான் ஆகிறது.

இப்படிக்கு,
பெட்டிகளின் பாதி உரிமையாளர்


மார்ச் 11

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

நான் அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

இங்கே நீரேற்று நிலையத்தில் ஒரு மோட்டார் படுத்துவிட்டது. நானும் கிட்டத்தட்ட அப்படித்தான். என் சமையலை நானே சாப்பிட வேண்டியிருக்கிறது.

ஏலம் என்றால் ஏலக்காரருக்குக் கழிவு போகும், வரி போகும், காலமும் போகும். கூரை ஒழுகி, கூடத்தில் வாளி வைத்திருக்கிறாயாமே. அடுத்த மழைக்குள் பணம் கைக்கு வர வேண்டாமா? நல்ல மனிதர் யாராவது வீடு தேடி வந்து நல்ல விலை கேட்டால், அவரையும் வாசலில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யாதே.

வீம்பு பிடிக்காமல் உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும்,
உன் வீட்டுக்காரன்
(வீடு இல்லாவிட்டாலும்)


ஏப்ரல் 2

ஐயா,

நேற்று உங்கள் 'நல்ல மனிதர்' வந்தார்.

வெளியூர் சேகரிப்பாளராம். அயர்ன் கலையாத சட்டை, கையில் பூதக்கண்ணாடி. அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெட்டிகளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு தொகை சொன்னார். கடைவீதிக்காரர்கள் இருவர் சொன்னதையும் கூட்டி, அதைப்போல நான்கு மடங்கு! முன்பணத்தை உறையோடு மேசையில் வைத்தார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் காசுகளின் அருமை தெரிந்த ஒருவர் கடைசியில் வந்துவிட்டார் என்று நினைத்தேன். புதுக் கூரையைக்கூட மனதுக்குள் போட்டுவிட்டேன்.

கிளம்பும்போது கேட்டார்: "எல்லாம் சரிம்மா, மாப்பிள்ளை எந்தப் பெட்டியில இருக்காரு?"

மாப்பிள்ளை! கல்யாணமான புதிதில் ரயில் நிலையத்தில் ஒருவனிடம் உங்கள் பாதிச் சம்பளத்தைக் கொடுத்து நீங்கள் வாங்கி வந்த போலித் தங்கக்காசு. மேலே ஒரே மினுமினுப்பு, தட்டினால் சத்தமே வராது. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் நான், கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர் நீங்கள். உலகத்தில் மூன்றாவது ஆளுக்கு அந்தப் பெயர் தெரியாது.

"அவர் உங்களை அனுப்பிய ஊரில் இருக்கிறார்" என்றேன். மனிதர் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தான் உங்கள் அலுவலகக் காசாளர் என்று ஒப்புக்கொண்டார்.

கடைக்காரர்கள் என்னை ஏமாளி என்று நினைத்துக் குறைத்துக் கேட்டார்கள். நீங்களும் ஏமாளி என்று நினைத்துத்தான் கூட்டிக் கொடுத்தீர்கள். என்ன வித்தியாசம்? அவர்களாவது என் முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

கிளை அச்சகத்துக்கு என்னைத் தலைமையாகப் போடுவதாக இருந்தபோதும் இதைத்தானே செய்தீர்கள்? "அவளுக்கு அலைச்சல் ஒத்துக்காது சார்" என்று என் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். என் நன்மைக்காம். என் நன்மையை ஒருதரம், ஒரே ஒருதரம், என்னிடம் கேட்டிருக்கிறீர்களா? நான் வீட்டை விட்டு உங்களை அனுப்பியது எதற்காக என்று இன்னும் விளங்கவில்லையா?

முன்பணம் இதனுடன் வருகிறது. எனக்கு வேண்டியது நியாயமான விலை. கூடுதலும் அநியாயம்தான்.

கையெழுத்து போடவும் மனமில்லை.


ஏப்ரல் 9

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

பணம் வந்தது. மோட்டார் போட்ட சத்தத்தைவிட உன் கடிதத்தின் சத்தம் பெரிது.

வாளியில் சொட்டும் தண்ணீர்தான் என் தலைக்குள் விழுந்துகொண்டிருந்தது. நேராகக் கொடுத்தால் நீ வாங்க மாட்டாய். அதனால் சுற்றி வந்தேன். தப்பு என்று இப்போது தெரிகிறது. போன தடவையும் தப்புதான்.

ஆகவே கேட்கிறேன். கேட்டுப் பழக்கமில்லாததால் சரியாக வருகிறதா தெரியவில்லை. பெட்டிகளை எப்படி விற்கலாம்? எப்போது? நான் ஏதாவது செய்ய வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா? மாப்பிள்ளையை என்ன செய்யப்போகிறாய்?

நீ சொல்கிறபடி.

வீட்டுக்காரன் என்று போடலாமா? அதையும் நீயே சொல்.


ஜூன் 20

வணக்கம்.

அந்தச் சொல்லைத் தேட வேண்டாம், இன்னும் வரவில்லை.

மதிப்பீட்டாளர் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். விளிம்பைத்தான் பிடித்தார். அவர் எழுதிக் கொடுத்த விலை, கடைவீதி விலையைப்போல மூன்று பங்குக்கு மேல். உங்கள் காசாளர் சொன்னதைவிட நன்றாகவே குறைவு. அதுதான் விலை. சாதாரணக் காசுகளைச் சங்கத்தார் அதே விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பாதியை அனுப்பிவிட்டேன், என் பாதியில் கூரை போட்டாயிற்று. நேற்று நல்ல மழை. வாளி காய்ந்து கிடக்கிறது.

மாப்பிள்ளையை மதிப்பீட்டாளர் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தார். "இதுக்கு விலையே கிடையாதும்மா" என்றார். எனக்கும் தெரியும் என்றேன். அவரை விற்பதாக இல்லை. என் மேசை இழுப்பறையில் இருக்கிறார்.

நல்ல காசுகள் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏலத்துக்கு வருகின்றன. உரிமையாளர்களுக்குக் கடைசி வரிசையில் இரண்டு நாற்காலி போடுவார்களாம். கேட்டீர்களே, அதனால் சொல்கிறேன்: வரலாம்.

வந்தால் சும்மா உட்கார வேண்டும். மூக்கு அரித்தாலும் கையைத் தூக்கக் கூடாது.

இப்படிக்கு,
சண்டைக்காரி