இரண்டு முறை போன குரல்

அன்புள்ள என் வசந்தா அக்கா,

நீ போய்ப் பதினோரு மாசம் ஆகிறது. உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். நேற்று அடையாறில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. உன் பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு போனேன்.

அதில் முதல் சீட்டு உன் இருபத்து மூன்று வயதில் எழுதியது. அப்போது நீ கோடம்பாக்கத்து டப்பிங் தியேட்டர்களில் கூட்டக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாய். கல்யாண வீட்டுச் சிரிப்பு, கலவரத்தில் கூச்சல், எல்லாவற்றிலும் நீ இருப்பாய். ஒரு திங்கட்கிழமை காலையில் வாயைத் திறந்தாய், காற்று மட்டும் வந்தது. தொண்டையில் கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டு, டாக்டர் "ஹிஸ்டீரியா" என்று எழுதினார். "கல்யாணம் பண்ணி வைங்கம்மா, சரியாயிடும்" என்றார் அம்மாவிடம்.

மூன்று மாசம் கழித்து, நாம் மூன்று பேரும் உஸ்மான் ரோட்டைக் கடந்தபோது நான் பஸ்ஸைக் கவனிக்கவில்லை. "டேய் சேகரு, பஸ்ஸுடா!" என்று கத்தினாய். நான் பிழைத்தேன். அம்மா ரோட்டிலேயே உன்னை அறைந்தாள்.

"மூணு மாசமா எங்கள ஏமாத்திக்கினு இருந்தியா?"

"சத்தியமா எனக்கே தெரியலம்மா."

நானும் அம்மா பக்கம்தான் நின்றேன். என் உயிரைக் காப்பாற்றியவளை, பெரிய நடிகை என்று ஒரு வாரம் கிண்டல் செய்தேன்.

அப்புறம் முப்பத்து மூன்று வருஷம் உன் குரலுக்கு ஒரு குறையும் வரவில்லை. கல்யாணம்தான் நடக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காதுக்கு அந்தச் சீட்டுச் சேதி எப்படியோ போய்விட்டது. மேற்கு மாம்பலத்தில் என் வீட்டிலேயே இருந்தாய், வேலைக்குப் போனாய், என் மகளை வளர்த்தாய்.

பிறகு குரல் கம்ம ஆரம்பித்தது. "முழுங்கினா வலிக்குதுடா" என்றாய். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பழைய கதைதானக்கா, தானா வந்துடும்" என்றேன். ஐந்து மாசம் அப்படியே சொன்னேன்.

கடைசியில் கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் ஏதோ டெஸ்ட்டுக்கு எழுதத் தொடங்கியபோது, யாரும் கேட்காமலே நான் சொன்னேன்: "இவங்களுக்கு முன்னாடியே ஹிஸ்டீரியா இருந்துச்சு சார்." அவர் பேனா நின்றது. சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். நீ என்னைப் பார்த்தாய், பிறகு தரையைப் பார்த்தாய். ஏன் என்னைத் திட்டவில்லை? நீயே அதை நம்பிவிட்டாயா?

கழுத்தில் கட்டி கைக்குத் தட்டுப்பட மேலும் மூன்று மாசம் ஆனது. அதற்குள் புற்று பரவிவிட்டது.

நேற்று நான் போனது எதற்குத் தெரியுமா? அந்த முதல் டாக்டர் தப்பாக எழுதிவிட்டார் என்று இவர் சொல்லிவிட்டால், அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான்.

"அப்போ வந்ததும் இதே நோய்தானா சார்?"

"இல்லைங்க. புற்று முப்பது வருஷம் சும்மா இருக்காது. அது வேற, இது வேற."

"அப்போ அது நடிப்பா?"

"நடிப்பு இல்ல, குரல் நிஜமாவே போயிருக்கும். ஹிஸ்டீரியான்னு பேர் வாங்கினவங்கள்ல சில பேருக்கு முழுசா குணமாயிருக்கு. சில பேர் ஆயுசுக்கும் அதோடயே கஷ்டப்பட்டிருக்காங்க. சில பேருக்குப் பின்னாடி வேற நோய் தெரிய வந்திருக்கு. உங்க அக்காவுக்கு அப்போ ஏன் வந்துச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். முதல் டாக்டர் எழுதியது தப்பில்லை என்றால் யார்மேல் கோபப்படுவது? அந்தத் திங்கட்கிழமைக்கு முதல் நாள் நீ தியேட்டரிலிருந்து சீக்கிரமே வந்து, சாப்பிடாமல் படுத்தாய். அங்கே என்ன நடந்தது? உன்னிடம் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்துக் கேட்டிருக்கலாம். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லையே அக்கா. ஒருவேளை சொல்ல எதுவுமே இல்லையோ? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

நாளைக்கு என் மகள் கவிதா வருகிறாள். அத்தைக்கு என்னப்பா ஆச்சு என்று ரொம்ப நாளாகக் கேட்கிறாள். இந்த முறை மழுப்ப மாட்டேன். கிளினிக்கில் நான் வாய் திறந்தது வரை எல்லாம் சொல்வேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன். அவள் என்னை வெறுத்தாலும் சரி. இது சத்தியம் அக்கா.

உன் கூடப்பிறந்தவன்,
சேகர்